திரும்பி வந்த யூசியும் பீரோவில் இருக்கும் 140 படிவங்களும்: மறுபடி கிராண்டுக்கு விண்ணப்பிக்கும் முன் கேட்கிறேன்

திருப்பாலை_டாக்டர்

வணக்கம். சமூக மருத்துவம் படித்தவள், மதுரைக்காரி. சில வருஷங்களுக்கு முன்னால், தென்மாவட்டத்தில் வேறொரு நிறுவனத்தில் இருந்தபோது, முதல்முறையாக எனக்கு மத்திய நிதி கிடைத்தது. மேலூர்ப் பக்கம் வயல் வேலைக்குப் போகிறவர்களிடம் பாம்புக்கடி பற்றிய ஆய்வு. 400 பேரைப் பார்ப்பதாகத் திட்டம். 140 பேரோடு நின்றுபோனது.

ஆட்கள் பேச மறுத்து நிற்கவில்லை. பெரியாறு பாசன வாய்க்கால் ஓரத்தில் நடவு நட்டுக்கொண்டிருந்தவர்கள் வரப்பில் ஏறி உட்கார்ந்து, ஒரு மணி நேரம் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். நின்றது கணக்கில். சாங்ஷன் ஆர்டர் அக்டோபரில் வந்தது. பணம் ஜனவரி மூன்றாம் வாரம் வந்தது. ஆளெடுக்கும் கமிட்டி கூடியது பிப்ரவரி கடைசியில். மார்ச் 31க்குள் செலவானது ஒரு மாதச் சம்பளமும், ரத்த மாதிரி வைக்க வாங்கிய ஒரு டீப் ஃப்ரீசரும்தான். அந்த ஃப்ரீசரையும் கன்டிஞ்சன்சியில், அதாவது சில்லறைச் செலவுத் தலைப்பில், எழுதிவிட்டேன். உபகரணத் தலைப்பில் பணம் இருந்தது. ஆனால் அதில் வாங்கினால் பர்சேஸ் கமிட்டி கூட வேண்டும், மார்ச்சுக்குள் முடியாது என்று ஒருவர் சொன்னார், கேட்டேன்.

அந்த ஒரு வரிக்காக, வந்த பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்று, அதான் யூசி, திரும்பி வந்தது. திருத்தி அனுப்பினோம். வங்கி வட்டியைக் காட்டவில்லை என்று மறுபடி வந்தது. மூன்றாவது முறை அனுப்பப் போகும்போது கையெழுத்துப் போட வேண்டியவர் மாறுதலாகிப் போயிருந்தார். இரண்டாம் தவணை கடைசிவரை வரவில்லை.

அந்த 140 படிவங்களும் என் வீட்டு பீரோவில்தான் இருக்கின்றன. பெயரெல்லாம் எடுத்துவிட்டு எண் போட்டவை. ஒன்றில் பெருவிரல் ரேகை பாதி ஊதாவாகவும் பாதி வண்டல் நிறமாகவும் இருக்கும். நாற்றை வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து வைத்த ரேகை. அந்த அம்மாவிடம் "உங்க பேச்சு வீணாகாது" என்று சொன்னது நான்.

இப்போது அதே கேள்வியோடு மறுபடி, ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் சிறு மானியத்துக்கு எழுதுகிறேன். இரண்டு கோடி வரை கேட்கலாம், நான் கேட்பது அதில் கால்வாசிகூட இல்லை. சூழலும் மாறியிருக்கிறது. 2024 மார்ச்சில் மத்திய அரசு பாம்புக்கடிக்குத் தேசிய செயல்திட்டம் வெளியிட்டது, 2030க்குள் இறப்பைப் பாதியாக்குவது இலக்கு. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. அறிவியல் பக்கத்தை நான் பார்த்துக்கொள்வேன். விண்ணப்பத்தை அனுப்பும் முன்னாலும், பணம் வந்த முதல் மாதமும் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


கணக்குப்பிரிவு_ஓய்வு

டாக்டரம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். 31 வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தவன், கடைசிப் பன்னிரண்டு வருஷம் ஆய்வுத் திட்டங்களின் கணக்கு மட்டும் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரிக் கோப்புகள் என் மேசையிலும் வந்து நின்றிருக்கின்றன. சில கோப்புகளை நிறுத்தியதே நான்தான். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஃப்ரீசர். கன்டிஞ்சன்சி என்பது தீர்ந்துபோகிற பொருளுக்கு: தாள், ஊசி, குப்பி, போட்டோகாப்பி. வாங்கி வைத்தால் நாளைக்கும் இருக்கும் பொருள் உபகரணம். அதற்கு ஸ்டாக் ரெஜிஸ்டரில் பக்க எண் வேண்டும், பில்லின் பின்பக்கம் அந்தப் பக்க எண்ணை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஆடிட்டர் முதலில் பில்லைத் திருப்பித்தான் பார்ப்பார். ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்ற வழி உண்டு. முன்கூட்டி எழுதிக் கேட்டால் பல நிறுவனங்கள் தரும். செலவு செய்துவிட்டுக் கேட்டால் கிடைப்பது கஷ்டம். உங்கள் ஃப்ரீசரில் பிசகியது அந்த வரிசைதான்.

வட்டி. மானியப் பணம் வங்கியில் கிடந்து ஈட்டிய வட்டி நம்முடையது இல்லை. 2017 பொது நிதி விதிகளில் 230(8) படி அது இந்தியத் தொகுப்பு நிதிக்குத் திரும்பிப் போக வேண்டும். ஆகவே சேமிப்புக் கணக்கு திறந்த அன்றே லெட்ஜரில் வட்டிக்கு ஒரு பத்தி போட்டுவிடுங்கள். வட்டி பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே எழுத வேண்டும். காலியாக விட்ட பத்தியைப் பார்த்தால் மேலே இருப்பவருக்குச் சந்தேகம்தான் வரும். இப்போது மத்தியத் துறைத் திட்டங்கள் சிலவற்றில் பணம் நம் கணக்குக்கு வந்து உட்காருவதே இல்லை. 2022 ஏப்ரலிலிருந்து வந்த முறையில் செலவு வரம்பு மட்டும் ஒதுக்குவார்கள், செலவழிக்கும்போதுதான் பணம் நகரும், மார்ச் 31 தாண்டினால் மிச்ச வரம்பு போய்விடும். உங்கள் திட்டம் எந்த முறையில் வருகிறது என்று முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

யூசிக்கு விதி 238 நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதம் தருகிறது. படிவம் 12-ஏ. பலர் அந்தப் பன்னிரண்டு மாதத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அடுத்த தவணை அந்தக் காகிதத்தில் தொங்குகிறது. நான் இருந்தபோது ஏப்ரல் 15க்குள் தற்காலிக யூசியும் செலவுப் பட்டியலும் அனுப்பிவிடுவேன், ஆடிட் முடிந்ததும் இறுதியானது போகும். அப்படிச் செய்த திட்டங்களில் சம்பளம் நின்றதில்லை.

கொள்முதல். 2025 ஜூனில் மத்திய அறிவியல் துறைகளின் நிறுவனங்களுக்கு விதியைத் தளர்த்தினார்கள். கொட்டேஷன் இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமானது, கமிட்டி மூலம் வாங்குவது 25 லட்சம் வரை போனது. இதைச் செய்தியில் படித்துவிட்டு மாநில அரசுக் கல்லூரியில் இருப்பவர்கள் நமக்கும்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மாநில அரசு நிறுவனங்களுக்கு 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன் விதிகளும் இருக்கின்றன. பணம் டெல்லியுடையதாக இருந்தாலும் கையெழுத்துப் போடுகிறவர் சென்னைக்குப் பதில் சொல்ல வேண்டியவர். எந்த விதிப்படி வாங்குவது என்பதை ஃபைலில் ஒரு பத்தி நோட்டிங்காக எழுதி, டீனிடம் முதல் மாதமே ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று வரி. 2022 ஜூலை 18 வரைக்கும் பதிவுபெற்ற ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி சலுகை இருந்தது. அன்றோடு அது எடுக்கப்பட்டது. 5 போட்டு எழுதிய பட்ஜெட்டுக்கு 18 போட்ட பில் வந்தது. பத்து லட்ச ரூபாய் கருவிக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் துண்டு விழுந்தது. எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு திட்டங்கள் அதில் மாட்டின. ஆகவே கொட்டேஷன் வாங்கும்போது வரியோடு, போக்குவரத்தோடு, மூன்று வருஷப் பராமரிப்போடு கேளுங்கள்.


இரண்டாமாண்டு_பிஜி

சார், இதையெல்லாம் எங்களுக்கு யாருமே சொல்லித் தரலை. நான் எம்டி இரண்டாம் வருஷம். தீசிஸுக்குக் கிட் வாங்கக் கைக்காசுதான் போடுறேன். இன்னும் கொஞ்ச நாள்ல ஃபாக்கல்டி ஆகி கிராண்ட் எழுதணும்னா இப்பவே எங்க ஆரம்பிக்கிறது? சென்னை என்ஐஇ (தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம்) நடத்துற ஆன்லைன் ஆய்வு கோர்ஸ் முடிச்சா போதுமா?


திருப்பாலை_டாக்டர்

தம்பி, அந்த அடிப்படை ஆய்வுப் பாடத்தை எப்படியும் முடித்துத்தான் ஆக வேண்டும், ஆசிரியராக வர விரும்பினால் தேசிய மருத்துவ ஆணையம் (என்எம்சி) கேட்கிறது. முழு மனதோடு படி. மாதிரி அளவு கணக்கிடும் பகுதியை மட்டும் இரண்டு முறை பார். அதற்கு மேல், உன் துறையில் இப்போது திட்டம் நடத்துகிற யாராவது ஒருவரிடம் போய், "மேடம், உங்க யூசி வேலையில நான் கூட உக்காரட்டுமா" என்று கேள். பில்லை ஒட்டி, எண் போட்டு, கூட்டிப் பார்க்கிற ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளில் கிடைப்பது எந்தப் பாடத்திலும் இல்லை. எம்பிபிஎஸ் படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது இருந்தால் ஐசிஎம்ஆர் மாணவர்களுக்குத் தரும் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை, எஸ்டிஎஸ், பற்றிச் சொல். இரண்டு மாத வேலை, ஒரு கேள்வி, ஒரு அறிக்கை. புரொபோசல் எழுதிக் கை பழகுவது அங்கேதான்.

கணக்கர் ஐயா, "சில கோப்புகளை நிறுத்தியதே நான்தான்" என்று எழுதினீர்களே, அதற்கு நன்றி.


நெறிக்குழு_வெளியாள்

நான் மருத்துவர் இல்லை. பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஆய்வில் பங்கேற்பவர்களைக் காக்க ஆய்வுத் திட்டங்களைப் பார்த்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழு ஒன்றில் பொதுமக்கள் தரப்பு உறுப்பினராக ஏழு வருஷமாக உட்காருகிறேன். புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகளுக்கான 2019 விதிகளின்படி இந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், பாதிப் பேர் அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும், தலைவரும் வெளியாளாக இருக்க வேண்டும். வெளியாள் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் அந்த வேலையை இப்படித்தான் செய்கிறேன்.

ஒரு மருந்து ஆய்வுக்கு வந்த ஒப்புதல் படிவத்தில் இப்படி ஒரு வாக்கியம்: "தாங்கள் சமவாய்ப்பு முறையில் தெரிவுசெய்யப்பட்டுக் கட்டுப்பாட்டுக் குழுவில் இடப்படலாம்." இலக்கணப்படி பிழையே இல்லை. கூட்டத்துக்குப் போகிற வழியில், ஆஸ்பத்திரி வாசலில் மல்லிகை கட்டி விற்கிற ஒரு பெண்ணிடம் நின்று வாசித்துக் காட்டினேன். கை நாரை விடவே இல்லை, கட்டிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் தலையை நிமிர்த்தி, "கட்டுப்பாடுன்னா, என்னைய வீட்டுக்குப் போக விடமாட்டாகளா?" என்றாள். கூட்டத்தில் அதை அப்படியே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. படிவம் திரும்பிப் போனது. அடுத்த மாதம் வந்தபோது இப்படி இருந்தது: "உங்களுக்குப் புது மருந்தா, இப்போது எல்லாருக்கும் கொடுக்கிற மருந்தா என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்வோம். டாக்டரோ நீங்களோ தேர்ந்தெடுக்க முடியாது. எப்போது வேண்டுமானாலும் நான் வரவில்லை என்று சொல்லலாம். அப்படிச் சொன்னாலும் உங்கள் வைத்தியம் நிற்காது."

டாக்டர், உங்கள் ஆய்வில் ரேகை வைக்கிறவர்கள் நிறைய. 2017 ஐசிஎம்ஆர் நெறிமுறை வழிகாட்டியில் எழுதப் படிக்கத் தெரியாதவர் சம்மதம் தரும்போது ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் களப்பணியாளரே சாட்சிக் கையெழுத்தும் போட முடியாது. அப்படிப் போட்ட படிவங்களை நாங்கள் திருப்பியிருக்கிறோம். வயல்காட்டில் சாட்சிக்கு எங்கே போவது என்று இப்போதே யோசியுங்கள். ஊராட்சியில் சொல்லி வைக்கலாம், பக்கத்து வயல்காரரைக் கூப்பிடலாம்.

இது பட்ஜெட்டையும் தொடும். ஒரு மணி நேரம் வரப்பில் உட்கார வைத்தால் அன்றைய கூலியில் ஒரு பங்கு போகிறது. ஆஸ்பத்திரிக்கு மறுபடி வரச் சொன்னால் பஸ் காசு, கூட வருகிறவருக்கும் சேர்த்து. இதையெல்லாம் ஈடுகட்ட வழிகாட்டி இடம் கொடுக்கிறது, குழு தொகையைப் பார்த்து ஒப்புக்கொள்ளும். ஆனால் எங்களிடம் வருகிற பத்து பட்ஜெட்டில் எட்டில் அந்த வரியே கிடையாது. கருவிக்கு லட்சம் இருக்கும், பஸ்ஸுக்கு நூறு ரூபாய் இருக்காது.

மருந்து பரிசோதிக்கும் ஆய்வு என்றால், முதல் ஆளைச் சேர்க்கும் முன்னே சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு முடிந்திருக்க வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் பின்தேதிப் பதிவு எடுப்பதில்லை. உங்கள் குழு சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்றதா, அந்தப் பதிவு காலாவதியாகவில்லையா என்பதையும் கேளுங்கள். கேட்பதில் தயங்க வேண்டாம்.


நாகமலை_ஆய்வாளர்

எல்லாம் சரி. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை, சொல்லிவிடுகிறேன். இந்த இழையைப் படித்தால் கிராண்ட் என்பதே பில் ஒட்டுகிற வேலை என்று ஆகிவிடும். நான் உயிரியல் பக்கம், மதிப்பீட்டுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். நம் பக்கத்திலிருந்து வருகிற விண்ணப்பங்களில் பெரும்பாலானவை கணக்குக்கே போவதில்லை, முதல் பக்கத்திலேயே விழுகின்றன. காரணம், அவற்றில் கேள்வியே இல்லை. "அறிவு, மனப்பான்மை, நடைமுறை குறித்த ஆய்வு" என்று ஆரம்பிக்கும். முடிவு என்னவாக வந்தாலும் யாரும் எதையும் மாற்றப்போவதில்லை என்பது படிக்கிறவருக்கு அந்தத் தலைப்பிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மதுரையை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. கதிர் அடிக்கையில் நெல் தூசி பட்டு, கரும்புத் தோகை கீறி, கருவிழியில் பூஞ்சைப் புண்ணோடு வருகிறவர்கள் இங்கே எப்போதும் உண்டு. பழைய நாடாமைசின் சொட்டு மருந்து நல்லதா, புதிய வோரிகோனசோல் நல்லதா? அவ்வளவுதான் கேள்வி. அரவிந்த் கண் மருத்துவமனையும் சான் பிரான்சிஸ்கோவின் ப்ராக்டர் நிறுவனமும் சேர்ந்து, அமெரிக்க தேசியக் கண் நிறுவனத்தின் நிதியில் 323 பேரிடம் சோதித்தார்கள். 2013இல் வந்த முடிவு பழைய நாடாமைசின் பக்கம். எந்தச் சொட்டு மருந்தை எழுதுவது என்று வெளிநாட்டு மருத்துவர்களும் அதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அதே போல சின்னச் சொக்கிகுளத்தில் 1985இல் தொடங்கிய ஐசிஎம்ஆர் பூச்சியியல் மையம், இப்போது புதுச்சேரியில் உள்ள நோய் பரப்பும் பூச்சிகளுக்கான ஆய்வு மையத்தின் (விசிஆர்சி) கள நிலையம், வயலில் பிறக்கும் கொசுவையும் மூளைக்காய்ச்சலையும் விடாமல் பின்தொடர்ந்தது. இரண்டிலும் கேள்வி நம் வயலில் இருந்து வந்தது.

நிதி எங்கே இருக்கிறது என்பதையும் சொல்கிறேன், பலர் பழைய வாசலையே தட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆய்வுக்கு நிதி கொடுத்த மத்திய அரசின் எஸ்இஆர்பி வாரியம் இப்போது இல்லை. 2023 சட்டப்படி வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை (ஏஎன்ஆர்எஃப்) அதை உள்வாங்கிக்கொண்டது, 2024 பிப்ரவரி 5 முதல் நடப்பில் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு 50,000 கோடி என்று சொன்னாலும் அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டியது, அதை நினைவில் வையுங்கள். மருத்துவர்களாக இருந்துகொண்டே ஆய்வு செய்ய விரும்புகிறவர்களுக்கு இந்தியா அலையன்ஸ் ஃபெலோஷிப்தான் என் முதல் பரிந்துரை. அதில் மருத்துவம், பொதுச் சுகாதாரத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு. 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை அதன் மூன்றாம் கட்டத்துக்கு 1,500 கோடி ஒப்புக்கொண்டது, 1,000 கோடி உயிரித் தொழில்நுட்பத் துறை, 500 கோடி பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை.

வெளிநாட்டுப் பணத்தை நம்பியிருப்பவர்கள் கவனமாக இருங்கள். 2025 மே 1 அன்று அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனம் (என்ஐஎச்), வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் துணை மானியம் தரும் பழைய முறையை நிறுத்துவதாக அறிவித்தது. அங்கே ஒரு பேராசிரியர் பெரிய மானியம் வாங்கி நமக்கு ஒரு பங்கு அனுப்புகிற வழி அதுதான். நம் பக்கத்திலும் படிகள் இருக்கின்றன. வெளிநாட்டுக் கூட்டு ஆய்வு என்றால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அனுமதி வேண்டும், அதற்கு ஐசிஎம்ஆர் வழியாகப் போக வேண்டும். தொண்டு அறக்கட்டளை பெயரில் பணம் வந்தால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், எஃப்சிஆர்ஏ. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. கூட்டாளிகளோடு எழுதும்போது இதை மறந்து எழுதிய புரொபோசல்களைப் பார்த்திருக்கிறேன்.


திருப்பாலை_டாக்டர்

சார், முதல் பக்கத்தைப் பற்றி நீங்கள் சொன்னது என்னைத்தான். என் பழைய விண்ணப்பத்தின் தலைப்பு அப்படியேதான் இருந்தது: மேலூர் வட்டார விவசாயத் தொழிலாளர்களிடையே பாம்புக்கடி குறித்த அறிவு, மனப்பான்மை, நடைமுறை. இந்த முறை அந்த 140 படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று இரவு படித்தேன். அதில் அவர்கள் நான் கேட்காத ஒன்றை மறுபடி மறுபடி சொல்லியிருக்கிறார்கள். கடித்தது இத்தனை மணி, கட்டுப் போட்டது இன்னார், முதலில் போனது மந்திரிக்கிறவரிடம், அப்புறம் வண்டி கிடைக்கவில்லை, முதல் ஆஸ்பத்திரியில் "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார்கள். எல்லாம் படிவத்தின் ஓரத்தில் கையால் எழுதப்பட்டவை, கட்டத்துக்குள் அடங்காதவை.

இப்போது கேள்வி இது: கடித்த நிமிஷத்திலிருந்து விஷமுறிவு மருந்து நரம்பில் ஏறும் நிமிஷம் வரை, எந்த இடத்தில் எத்தனை நேரம் போகிறது? வண்டியிலா, முதல் ஆஸ்பத்திரியிலா, வீட்டுத் திண்ணையிலா? விடை வந்தால் எதை மாற்றுவது என்று வட்டார மருத்துவ அலுவலரிடம் போய் நிற்க முடியும். நாட்டில் வருஷத்துக்கு சுமார் 58,000 பேர் பாம்புக்கடியில் இறக்கிறார்கள் என்று 2020இல் வந்த மதிப்பீடு சொல்கிறது. மருந்து இல்லாத நோய் இல்லை இது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே மருந்து இருக்கிறது.

ஆனாலும் சார், நீங்கள் சொன்னதில் பாதியை நான் ஏற்கவில்லை. என் கேள்வி முதல்முறை மோசமாகத்தான் இருந்தது. அதோடும் நிதி கிடைத்தது. கிடைத்த நிதியை நான் இழந்தது கணக்கில். நல்ல கேள்வியோடு போய் இதே மாதிரி நின்றால் இன்னும் வலிக்கும்.


கொட்டாம்பட்டி_களப்பணி

எல்லாரும் பெரியவங்க, படிச்சவங்க பேசுறீங்க. நானும் ஒண்ணு சொல்லிக்கிறேன். பிஎஸ்சி ஜுவாலஜி. ஒரு காய்ச்சல் ஆய்வுல ரெண்டு வருஷம் களப்பணி பாத்தேன். எந்த நிறுவனம்னு சொல்லலை. அதுல ஏழு மாசம் சம்பளம் வரலை. கேட்டா "கிராண்ட் வரலை", "யூசி போகலை" அப்படின்னுதான் சொல்வாங்க. யூசின்னா என்னன்னு எனக்கு இன்னைக்கு இந்த இழையிலதான் தெரியுது.

வேலைய விட்டுட்டுப் போயிருக்கலாம். ஆனா ஒவ்வொரு வீட்டுலயும் "மூணு மாசம் கழிச்சு மறுபடி வருவோம், ரத்தம் எடுப்போம்"னு நான்தான் சொல்லியிருந்தேன். தேதிக்குப் போகலைன்னா அடுத்த தடவை எவன் போனாலும் கதவைத் திறக்க மாட்டாங்க. அதனால சொந்த வண்டியில, சொந்தப் பெட்ரோல்ல போனேன். அங்கிட்டு இங்கிட்டுன்னு ஒரு நாளைக்கு அறுபது கிலோமீட்டர். என் அடையாள அட்டைல போட்டிருந்த தேதி முடிஞ்சு போச்சு, புதுசு தரலை. ஒரு ஊர்ல நிறுத்தி "யாருப்பா நீ"ன்னு கேட்டாங்க. பழைய அட்டையத் திருப்பிப் போட்டுக்கிட்டு நின்னேன்.

கடைசில பணம் வந்தப்ப பெட்ரோல் பில்லெல்லாம் கொண்டு போய்க் குடுத்தேன். ஒரு கவர்ல பத்திரமா வச்சிருந்தேன். எடுத்துப் பாத்தா எல்லாம் வெள்ளைத் தாளு. பங்க்ல குடுக்குற பில்லுல மை நிக்காதாம், நாலு மாசத்துல அழிஞ்சு போகுமாம். "வெறுந்தாளைக் குடுத்தா நான் எதை பாஸ் பண்றது?"ன்னு கேட்டாரு கிளார்க்கு. அவர் மேல தப்புச் சொல்லலை. 9,000 ரூபாய்க்கு மேல போச்சு.

டாக்டர் மேடம், நீங்க புதுசா ஆள் எடுப்பீங்க. அவங்ககிட்ட முதல் நாளே இதையெல்லாம் சொல்லிருங்க.


கணக்குப்பிரிவு_ஓய்வு

தம்பி, அந்தக் கிளார்க்கின் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் வெறுந்தாள் வந்திருக்கிறது. அன்றைக்கு நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்று உண்டு, செய்யவில்லை: திட்டம் தொடங்கும்போதே களத்துக்குப் போகிறவர்களை ஒரு அரைமணி நேரம் உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு ஒரு செலவும் கிடையாது.

வெப்பத்தில் அச்சாகும் பில்லை வாங்கின அன்றே ஜெராக்ஸ் எடுத்து, இரண்டையும் சேர்த்துப் பின் போட்டு, மேலே தேதி, போன ஊர், கிலோமீட்டர், வண்டி எண் எழுதி, ஆய்வாளரிடம் சுருக்கொப்பம் வாங்கிவிடுங்கள். பயணப் பதிவேடு ஒன்று, நாற்பது பக்க நோட்டுப் போதும். அந்த நோட்டும் பில் நகலும் இருந்தால் எந்த ஆடிட்டரும் மறுக்க மாட்டார். இன்னும் நல்லது, விண்ணப்பத்திலேயே கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று போட்டுவிட்டால் பெட்ரோல் பில்லே தேவைப்படாது. நிதி கொடுப்பவர் அதை ஏற்கிறாரா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சம்பளம் நிற்காமல் இருக்க ஒரு வழி இருக்கிறது, டாக்டரம்மா. நிறுவனத்தின் நிர்வாகச் செலவுக்கென்று ஓவர்ஹெட் தொகை வருகிறதே, அது பெரும்பாலும் பொதுக் கணக்கில் கலந்து மறைந்துவிடும். அதில் ஒரு பகுதியைத் தனியாக வைத்து, தவணை தாமதமாகும் மாதங்களில் திட்ட ஊழியர் சம்பளத்துக்கு முன்பணமாகக் கொடுத்து, தவணை வந்ததும் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று நிர்வாகக் குழுவில் ஒரு தீர்மானம் போட வையுங்கள். நான் இருந்த இடத்தில் இரண்டு வருஷம் போராடித்தான் வாங்கினோம். தீர்மானம் இல்லாமல் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், போடவும் கூடாது.

சம்பள வீதத்தையும் பாருங்கள். ஐசிஎம்ஆர் திட்டங்களில் களப்பணி நிலையில் முதல் படி மாதம் 18,000, அதோடு வீட்டு வாடகைப்படி. மதுரை ஒய் பிரிவு நகரம், அதற்கான வீதத்தில் போட வேண்டும். பலர் வாடகைப்படியை விட்டுவிட்டு எழுதுகிறார்கள். அப்புறம் மூன்று வருஷமும் அந்தப் பையனுக்கு அது கிடைக்காது.


நாகமலை_ஆய்வாளர்

கொட்டாம்பட்டித் தம்பி எழுதியதைப் படித்தபின் நான் முன்னால் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். மதிப்பீட்டில் உட்காரும்போது "களப்பணியாளர் இருவர்" என்ற வரியைத் தாண்டிப் போய்விடுவேன். இனி அவர்கள் எதில் போகிறார்கள், யார் அடையாள அட்டை கொடுக்கிறார்கள் என்று கேட்பேன்.

டாக்டர், உங்கள் புதுக் கேள்வி நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும். நேரத்தை மக்களின் நினைவை மட்டும் வைத்து எழுதினால் மதிப்பீட்டாளர் பிடித்துக்கொள்வார். 108 ஆம்புலன்ஸ் பதிவு, ஆஸ்பத்திரி வார்டு பதிவேட்டு நேரம், இரண்டையும் ஒப்பிடுவதாக எழுதுங்கள். அதற்கான அனுமதிக் கடிதங்களை இப்போதே கேட்டு வாங்கி இணையுங்கள். இன்னொரு தனிப் பக்கத்தில் முதல் திட்டம் ஏன் நின்றது என்று உள்ளபடி எழுதுங்கள், மறைக்க வேண்டாம். 140 பேரின் தகவல் முன்னோட்டமாக இருக்கிறது என்பது உங்களுக்குப் பலம்.


திருப்பாலை_டாக்டர்

எழுதிவிட்டேன். நேற்று மாலை பட்ஜெட்டை எங்கள் கணக்குப் பிரிவு மேற்பார்வையாளரிடம் கொண்டு போனேன். இருபது வருஷ சர்வீஸில் புரொபோசல் நிலையில் ஒரு டாக்டர் தன்னிடம் வந்தது இதுதான் முதல்முறை என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து நான்கு இடத்தில் பென்சிலால் குறித்தார். ஃப்ரீசர் உபகரணத் தலைப்புக்குப் போனது, 18 சதவீத வரியோடு. வாடகைப்படி சேர்ந்தது. கிலோமீட்டர் கணக்கு சேர்ந்தது. பங்கேற்பவருக்குக் கூலி ஈடும், இரண்டு பேருக்குப் பஸ் காசும் புது வரியாக வந்தன. மொத்தத்தில் நான்கு லட்சம் கூடியது, அதை நியாயப்படுத்தி அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். முன்பணத் தீர்மானத்தை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வைக்க டீன் சம்மதித்திருக்கிறார்.

தமிழாசிரியை அம்மா, ஒப்புதல் படிவத்தின் தமிழைத் திருத்தி வைத்திருக்கிறேன். அனுப்பினால் நீங்கள் ஒருமுறை பார்த்து, முடிந்தால் அந்தப் பூக்கட்டும் அக்காவிடமும் வாசித்துக் காட்ட முடியுமா?

கொட்டாம்பட்டித் தம்பி, ஆளெடுப்பு விளம்பரம் வந்தால் இங்கேயே போடுகிறேன். கமிட்டி நேர்முகம் வைத்துத்தான் எடுக்கும், அதை நான் மாற்ற முடியாது. ஆனால் வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் வகுப்பு ஒன்று வைக்கிறேன். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த வகுப்பை நீங்கள் எடுக்க வேண்டும். அதற்கு மதிப்பூதியம் பட்ஜெட்டில் பயிற்சித் தலைப்பில் போட்டாகிவிட்டது.


கொட்டாம்பட்டி_களப்பணி

வர்றேன் மேடம். அந்த வெள்ளைத் தாளுக் கவர் இன்னும் வீட்லதான் இருக்கு, கொண்டு வர்றேன். புதுசா வர்ற பசங்க பாக்கட்டும்.